ஷெவெல் பின்பக்கம் குதிக்கிறது. முதலில் எங்கே கை வைப்பது?

#1 மாறன்70 (ஞாயிறு இரவு)

வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போவதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். வண்டி செவ்ரோலெட்டின் 1970 ஷெவெல் மாலிபு, இரண்டு கதவுக் கார். 350 கன அங்குல இன்ஜின், 4 கியர் மன்சி கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் கியர் விகிதம் 3.36. போன அக்டோபரில் வாங்கினேன். குளிர்காலம் முழுக்க கராஜில் தூங்கிவிட்டு இப்போதுதான் வெளியே வருகிறது.

பிரச்சினை இதுதான். முதல் கியரில் கிளட்சை விட்டு மிதித்தால் வண்டி முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. யாரோ டிக்கிக்கு அடியில் படுத்துக்கொண்டு சம்மட்டியால் நாலைந்து தடவை அடிப்பதுபோல் சத்தம். நேற்று அந்த அடியில் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் கழன்று என் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பின்பக்கத்துக்கு முழு கிட் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆக்ஸிலை ஃபிரேமோடு இணைக்கும் நாலு கன்ட்ரோல் ஆர்ம், அவற்றின் முனைகளில் ரப்பருக்குப் பதில் எல்லாம் விறைப்பான பாலியூரித்தேன் புஷ், கூடவே காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் ஏறிய அமைப்பு). விலை கிட்டத்தட்ட இரண்டு மாத வீட்டு வாடகை. ஆகஸ்டில் இங்கே நடக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலமான வுட்வர்ட் க்ரூஸுக்குள் முடிக்க வேண்டும். வாங்கலாமா?

#2 பழைய_இரும்பு

தம்பி, முதலில் பர்ஸை மூடு.

ரோட்டில் விழுந்த டயர் தடத்தைப் பார்த்தாயா? ஒரு கோடா, இரண்டு கோடா? ஒரே கோடு என்றால் டிஃபரன்ஷியல் ஓப்பன், அதாவது பிடி விட்ட ஒரு சக்கரம் மட்டும் சுற்றும், என்ன சஸ்பென்ஷன் போட்டாலும் காசு தண்டம். டயருக்கு என்ன வயது? பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். ஆக்ஸில் பின்மூடியில் எத்தனை போல்ட் என்று எண்ணு.

அப்புறம் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு, பின் சக்கரத்துக்கு நேராகத் தரையில் படுத்து ஒரு படம் எடுத்துப் போடு. கீழ் கன்ட்ரோல் ஆர்ம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

#3 மாறன்70

அண்ணா, காலையில் போய்ப் பார்த்தேன். இரண்டு கோடு. ஆனால் கோடு என்று சொல்ல முடியாது, தையல் மெஷினில் நூல் விட்டதுபோல் விட்டுவிட்டு இருக்கிறது. ஒரு முழத்துக்கு ஒரு தையல். இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான்.

மூடியில் 10 போல்ட். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தள்ளும் பாசிட்ராக்ஷன் டிஃபரன்ஷியல் இருக்கிறது. டயரில் 2316, அதாவது 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவே மாட்டேன் என்கிறது.

படம் போட்டிருக்கிறேன். கீழ் ஆர்மின் முன்முனை பின்முனையைவிடக் கீழே இருக்கிறது. அது சரியா தப்பா என்று தெரியவில்லை. முன்னால் வைத்திருந்தவர் வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று 2 அங்குலம் குட்டையான ஸ்பிரிங் போட்டிருக்கிறார். ரசீது இருக்கிறது.

#4 பழைய_இரும்பு

பாதி வியாதி அந்த ரசீதில் இருக்கிறது. மீதி டயரில். கோணமானி வந்து கணக்கோடு சொல்லட்டும், அவர் வேலையே அது.

#5 கோணமானி

கூப்பிட்டதற்கு நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெவெல் மட்டுமில்லை, கட்லஸ், ஜிடிஓ, ஸ்கைலார்க் எல்லாம் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரே 'ஏ' உடல் குடும்பம். 1964-இலிருந்து 1972 வரை பின்பக்கம் அதே அமைப்பு: காயில் ஸ்பிரிங், கீழே இரண்டு ஆர்ம், மேலே இரண்டு குட்டை ஆர்ம். மேல் ஆர்ம்கள் இரண்டும் சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். ஆக்ஸில் இடது வலதாக நகராமல் பிடிப்பது அந்தச் சாய்வுதான், அதனால்தான் இதில் அதற்கென்று தனியாகக் குறுக்குக் கம்பி (பானார்ட் ராட்) கிடையாது.

நீங்கள் மிதிக்கும்போது டயர் முன்னால் தள்ளுகிறது, ஆக்ஸில் கூடு பின்னால் சுருளப் பார்க்கிறது, பினியன் மூக்கு (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸிலின் முன்முனை) மேலே எழும்பப் பார்க்கிறது. ஆக்ஸிலைப் பிடித்திருப்பது இந்த நாலு ஆர்ம்தான். ரப்பர் புஷ் நைந்திருந்தால், கீழ் ஆர்ம் வெறும் 'ப' வடிவத் தகடாக இருந்தால், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வளைந்து ஆக்ஸில் சுருள்கிறது. ஒரு கட்டத்தில் டயர் பிடி விடுகிறது. விட்டவுடன் சுருண்டது விரிகிறது, டயர் மறுபடி தரையைக் கவ்வுகிறது, மறுபடி சுருள்கிறது. இதுவே நொடிக்குப் பல தடவை நடந்தால் அதுதான் உங்கள் தையல். பிள்ளையாரைவிட உங்கள் ஆக்ஸில் ஷாஃப்டை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

இனி படம். பக்கவாட்டில் பார்க்கும்போது மேல் ஆர்மையும் கீழ் ஆர்மையும் முன்னோக்கி நீட்டிக்கொண்டே போனால் இரண்டு கோடும் எங்கேயோ ஒரு புள்ளியில் சந்திக்கும். பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு போடுங்கள். அது எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ, ஆர்ம்கள் வண்டியின் பின்பக்கத்தை அவ்வளவு மேலே தூக்கும், அதே அளவு டயரைத் தரையில் அழுத்தும். பின்பக்கம் குந்தாமல் தடுக்கும் இதைத்தான் ஆன்டி ஸ்குவாட் என்பார்கள். வண்டியைத் தாழ்த்தியதும் ஃபிரேம் இறங்கிவிட்டது, கீழ் ஆர்மின் முன்முனையும் கூடவே இறங்கிவிட்டது. இப்போது அந்த ஆர்ம் தள்ளும்போது வண்டியைத் தூக்குவதற்குப் பதிலாகக் கீழே இழுக்கிறது. காயில்ஓவர் போட்டாலும் இதே உயரத்தில் வைத்தால் இதே கதைதான்.

காயில்ஓவர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இந்த வண்டியில் ஷாக் அப்சார்பரின் மேல்பிடி ஷாக்கின் உதைப்பைத் தாங்கச் செய்தது, வண்டியின் எடையைச் சுமக்க இல்லை. அங்கே பலப்படுத்தாமல் எடையை ஏற்றாதீர்கள்.

#6 ஸ்காபரோ_டஸ்டர்

அண்ணை, ஒரு விசயம் எனக்கு விளங்கவில்லை. பின்பக்கம் நல்லாய் இருந்தால்தானே பாரம் பின்னுக்குப் போய் ரயர் பிடிக்கும்? இழுவைப் போட்டியில் ஓடுகிற பழைய வண்டிகள் எல்லாம் மூக்கைத் தூக்கிக்கொண்டு குந்தித்தானே கிளம்புகின்றன. குந்த விடாமல் செய்தால் பிடி எப்படி வரும்?

என்னிடம் இருப்பது கிறைஸ்லரின் 71 டஸ்டர் 340, பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்). எனக்கும் முதலில் இதே குதிப்புத்தான். கிறைஸ்லர்காரர் ஆக்ஸிலை ஸ்பிரிங்கின் நடுவில் வைக்காமல் முன்னுக்குத் தள்ளி வைத்திருப்பதால் முன் துண்டு குட்டை, அது சுலபத்தில் மடியாது. அதற்கு மேல் பினியனுக்கு மேலே ஒரு ரப்பர்க் கட்டை, மூக்கு எழும்பினால் தரைத்தகட்டில் முட்டி நிற்கும். பிறகு நான் சூப்பர் ஸ்டாக் ஸ்பிரிங் போட்டேன். அதில் இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு, மாற்றிப் போடக்கூடாது. குதிப்பு நின்றுவிட்டது. ஆனால் மனுசி பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு ஏச்சு.

#7 கோணமானி

டஸ்டர், நல்ல கேள்வி. பாதிப் பேர் இதில்தான் வழுக்குகிறார்கள்.

பின்னால் போகும் பாரம் குந்துவதால் போவதில்லை. வேகம் எடுப்பதால் போகிறது. மொத்த எடை, எடை மையத்தின் உயரம், எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறோம் என்ற மூன்றையும் பெருக்கி வீல்பேஸால் வகுத்தால் தீர்ந்தது. மாறன் வண்டிக்கு ஆளோடு 3,700 பவுண்டு, மையம் தரையிலிருந்து 21 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கதவு ஷெவெலின் வீல்பேஸ் 112 அங்குலம். 0.6 ஜி-யில் கிளம்பினால் ஏறக்குறைய 416 பவுண்டு பின்னால் போகும். குந்தினாலும் அவ்வளவுதான், குந்தாவிட்டாலும் அவ்வளவுதான். உண்மையில் குந்தினால் மையம் கொஞ்சம் இறங்குவதால் ஒரு பிடி குறையும்.

வித்தியாசம் எங்கே என்றால், அந்த 416 பவுண்டு எந்த வழியாக டயருக்கு வருகிறது என்பதில். ஸ்பிரிங் வழியாக வந்தால் அமுங்கி அமுங்கி மெதுவாக வரும். ஆர்ம் வழியாக வந்தால் மிதித்த மறுகணம் வந்துவிடும். கிளட்சை விடும் அந்த முதல் கணத்தில்தானே டயர் பிடி விடுகிறது. மூக்கைத் தூக்குவது வேறு விஷயம். முன் ஸ்பிரிங் தளர்ந்து மேலே வருகிறது, மையமும் கூட ஏறுகிறது.

#8 ஸ்காபரோ_டஸ்டர்

சரி, கணக்கு விளங்குகிறது. மனம் ஏற்க இன்னும் இரண்டு நாள் எடுக்கும் போல.

#9 டாலஸ்_செல்வா

மாறன், பாலியூரித்தேன் பற்றி என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 72 கட்லஸ். இங்கே ஒரு பட்டறையில் "ரப்பரை எல்லாம் தூக்கிப் போடுங்கள், எட்டு இடத்திலும் பாலி போட்டால் பாறை மாதிரி நிற்கும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். நேர்ரோட்டில் அபாரம். குதிப்பே இல்லை. மாமனாரைக்கூட ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போய்ப் பெருமை அடித்தேன்.

மூன்று வாரம் கழித்து மழை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில், நாற்பது மைல் வேகம்கூட இல்லை, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பின்பக்கம் பட்டென்று வெளியே போனது. ஒரு முழுச் சுற்று. புல்லில் போய் நின்றேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கொஞ்ச நேரம் கை ஸ்டியரிங்கை விட மறுத்தது.

#10 பழைய_இரும்பு

செல்வா சொன்னதை மாறன் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

மேல் ஆர்ம் சாய்வாக இருக்கிறது என்று கோணமானி சொன்னாரே, வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது அந்த ஆர்ம்கள் முறுக்கிக்கொள்ள வேண்டும். ரப்பர் அந்த முறுக்கலுக்கு இடம் கொடுக்கும். பாலி கொடுக்காது. நாலு முனையிலும் முறுக்கலுக்கு இடமில்லை என்றால் நாலு ஆர்மும் ஆக்ஸிலும் சேர்ந்து ஒரே பெரிய ஸ்டெபிலைசர் பாராக (வண்டி ஒரு பக்கம் சாயாமல் பிடிக்கும் கம்பியாக) இறுகிவிடும். அப்புறம் என்ன, உள்பக்க டயர் எடை இழக்கும், செல்வா புல்லைப் பார்க்கப் போவார்.

அதனால் கீழ் ஆர்முக்குப் பாலி போட்டுக்கொள், கிரீஸ் நிறைய வை, இல்லாவிட்டால் எலி கத்துவதுபோல் கத்தும். மேல் ஆர்முக்கு, அதிலும் முக்கியமாக ஆக்ஸில் காதில் (ஆக்ஸில் கூட்டில் மேல் ஆர்ம் வந்து சேரும் பிடியில்) இருக்கிற இரண்டு புஷ்ஷுக்கு, புது ரப்பர் போடு. காசு இருந்தால் உருண்டை மூட்டு. இதில் எனக்கு யாரோடும் சமரசம் இல்லை.

கீழ் ஆர்ம் பெட்டியாக மூடியதாக இருக்கட்டும். கம்பெனியே பின்பக்க ஸ்டெபிலைசர் பார் கொடுத்த வண்டிகளில் அப்படித்தான் வந்தது, ஏனென்றால் அந்தப் பார் கீழ் ஆர்மில்தான் போல்ட் ஆகிறது. திறந்த தகட்டில் போட்டு இறுக்கினால் தகடு நசுங்கும். பாரும் சேர்த்து வாங்கு.

ஸ்பிரிங்கைக் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவா. டயர் மாற்று. இவ்வளவுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "ஆகா" என்று எழுதாதே. எது வேலை செய்தது என்று உனக்கே தெரியாமல் போய்விடும்.

#11 மாறன்70

நோ-ஹாப் பார் என்று ஒன்று விற்கிறார்களே அண்ணா, மேல் ஆர்மின் பின்முனையை உயர்த்துகிற பிராக்கெட்? கோணமானி சொன்ன கணக்குப்படி அது நல்லதுதானே?

#12 கோணமானி

வேலை செய்யும். மேல் ஆர்ம் முன்பக்கமாக இன்னும் சரியும், சந்திப்புப் புள்ளி பின்னால் நெருங்கி வரும், ஆன்டி ஸ்குவாட் கூடும். ஆனால் மிதிக்கும்போது வண்டியைத் தூக்குகிற அதே அமைப்பு பிரேக் போடும்போது கீழே இழுக்கும். பின் டயர் லேசாகி, இந்தத் தடவை பிரேக்கில் குதிக்கும். இழுவைப் போட்டி நடக்கும் ஸ்ட்ரிப்புக்கு மட்டும் போகிற வண்டிக்குச் சரி. நீங்கள் வேலைக்கும் ஓட்டுகிறீர்கள். முதலில் தாழ்த்தியதைச் சரிசெய்யுங்கள், அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் பேசலாம்.

#13 எண்ணூர்_சந்துரு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் சென்னை, இப்படி ஒரு வண்டியை நேரில் தொட்டதுகூட இல்லை, ஆனால் இந்த இழையை விட முடியவில்லை. வீடியோக்களில் எப்போதும் வலது பின் டயர்தான் புகைகிறது. அது ஏன்?

#14 கோணமானி

சந்துரு, மன்னிப்பு எதற்கு.

டிரைவ் ஷாஃப்ட் சுழலும் திசையில் ஆக்ஸிலும் கூடவே சுழலப் பார்க்கும். இடது டயரை அமுக்கும், வலதைத் தூக்கும். டிஃபரன்ஷியல் ஓப்பனாக இருந்தால் எடை குறைந்த பக்கம்தான் சுற்றும். மாறன் வண்டியில் இன்ஜின் 350 அடி-பவுண்டு முறுக்கு தருகிறது என்று வைத்தால், மன்சியின் முதல் கியர் விகிதம் 2.52, ஷாஃப்டில் 882 வரும். இரண்டு டயருக்கும் நடுவே ஏறக்குறைய 5 அடி. 882-ஐ 5-ஆல் வகுத்தால் 176 பவுண்டு. வலது டயர் இழக்கக்கூடியது அதிகபட்சம் அவ்வளவு.

அதிகபட்சம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இதற்கு எதிர்வினையாக வண்டியின் உடல் வலப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வைப் பின் சஸ்பென்ஷன் தாங்கினால் வலது டயருக்கு எடை திரும்பி வந்துவிடும். முன் ஸ்டெபிலைசர் பார் தாங்கினால் வராது. பின்பக்கத்துக்குப் பார் போடச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். அந்தக் காலத்தில் வலது காயில் ஸ்பிரிங்குக்குள் ஒரு காற்றுப் பையைச் செருகி, இடதைவிடக் கூடுதலாகக் காற்று அடித்துவிட்டுப் போட்டிக்குப் போவார்கள். இன்றைக்கும் போகிறார்கள்.

#15 மாறன்70 (மூன்று வாரம் கழித்து)

வேலை முடிந்தது. முழங்கை இன்னும் வலிக்கிறது.

குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டி இரும்பை அரிக்கும் மிச்சிகன் உப்பு பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கீழ் ஆர்மின் முன்போல்ட் இரண்டும் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இருந்தன. மூன்று நாள் எண்ணெய் ஊற்றினேன். நான்காம் நாள் ஒன்று வந்தது. இன்னொன்றுக்கு நெருப்பு வைத்தேன், ரப்பர் எரிந்து கராஜ் முழுக்க நாற்றம், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி "எல்லாம் சரியா" என்று கேட்டார். கடைசியில் ரம்பம்தான். ஆக்ஸில் காது புஷ்ஷைத் தள்ளி எடுக்கும் கருவியைக் கடையில் வாடகைக்கு எடுத்தேன். அது இல்லாமல் அந்த வேலைக்கு இறங்காதீர்கள்.

ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். ஃபிரேமை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் வெளியே வரட்டும் என்று ஜாக்கியோடு ஆக்ஸிலை இறக்கிக்கொண்டே போனேன். நடுவில் ஒரே ஒரு பிரேக் ஹோஸ் ஆக்ஸிலுக்கு வருகிறதல்லவா, அது வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. கண்ணில் பட்டது அதிர்ஷ்டம். அதைக் கழற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு இறக்கினேன்.

இரும்பு அண்ணா போனில் சொன்ன ஒன்றை இங்கேயும் எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை ஆக்ஸில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பாக நிற்கும். நான் முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரங்களை மரப்பலகை அடுக்கின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு அடியில் படுத்து இறுக்கினேன்.

#16 பழைய_இரும்பு

பினியன் கோணம் பார்த்தாயா?

#17 மாறன்70

பார்த்தேன் அண்ணா. உயரம் கம்பெனி அளவுக்கு வந்ததும் அதுவும் தானாகச் சரியாகிவிட்டது. கியர்பாக்ஸ் வால் சாய்வோடு ஒப்பிட்டால் பினியன் 2 டிகிரி கீழே பார்க்கிறது. மிதிக்கும்போது எழும்பி நேராகும் என்று விட்டுவிட்டேன்.

#18 மாறன்70 (அடுத்த சனி)

ஸ்ட்ரிப் போய் வந்தேன். சொன்னபடி ஒவ்வொன்றாகத்தான் பார்த்தேன். முதல் 60 அடிக்கு எடுத்த நேரம் மட்டும் எழுதுகிறேன், மீதியில் என் கியர் மாற்றும் லட்சணமும் கலந்திருக்கிறது.

வேலைக்கு முன், ஏப்ரலில், குதிப்புக்குப் பயந்து பாதி மிதித்து 2.41. ஸ்பிரிங், ஆர்ம், புஷ் மாற்றிவிட்டு, பழைய டயரோடும் பார் இல்லாமலும் 2.26. குதிப்பு அப்போதே நின்றுவிட்டது. டயர் சுற்றுகிறது, ஆனால் தடம் ஒரே நீளக் கோடு. தையல் பிரிந்துவிட்டது. பார் போட்டதும் 2.21. அதன் பிறகு நண்பரிடம் கடன் வாங்கிய டிராக் ரேடியல் (இழுவைப் போட்டிக்கான, பிடி அதிகமுள்ள டயர்), 275/60, 15 அங்குலம், 18 பிஎஸ்ஐ காற்று: 1.93.

காயில்ஓவருக்கு வைத்திருந்த காசில் பாதி இன்னும் கையில் இருக்கிறது. வீட்டில் அதைச் சொல்லவில்லை.

#19 ஸ்காபரோ_டஸ்டர்

ரயர் மட்டும் 0.28 செக்கன் தந்திருக்கு. அப்ப முதலிலேயே ரயரை மாற்றியிருந்தால் இந்த நெருப்பு, ரம்பம் ஒன்றும் வேண்டாமே?

#20 பழைய_இரும்பு

பழைய புஷ்ஷோடு அந்த டயரைப் போட்டிருந்தால் பிடி கூடியிருக்கும், குதிப்பு இன்னும் மூர்க்கமாக வந்திருக்கும், ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்து ஸ்ட்ரிப்பில் எண்ணெய் கொட்டிவிட்டு நின்றிருப்பான். 10 போல்ட் ஆக்ஸில் அது, அதைவிடப் பலமான 12 போல்ட் இல்லை.

#21 டாலஸ்_செல்வா

நானும் மேலே ரப்பருக்குத் திரும்பிவிட்டேன். மழை பெய்யட்டும் என்று காத்திருக்கிறேன்.

#22 மாறன்70

ஒரு சின்னக் கேள்வி, இதற்குப் புது இழை வேண்டாம் என்று இங்கேயே கேட்கிறேன். டிராக் ரேடியலில் மூன்றாவது ஓட்டத்தில் டயர் சுற்றவே இல்லை, ஆனால் இன்ஜின் சுற்றைக் காட்டும் டாகோமீட்டர் முள் மட்டும் விருட்டென்று ஏறியது. இறங்கியதும் கருகிய வாசனை. முன்பெல்லாம் டயர் வழுக்கியது, இப்போது கிளட்ச் வழுக்குகிறது என்றுதானே அர்த்தம்?

#23 பழைய_இரும்பு

அந்த மிச்சக் காசை வீட்டில் சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.